மூன்று பென்ஸ் வரி: இலண்டன் மாநகர் தன் கழிவுநீருக்கு வழி கண்ட வரலாறு

நகரங்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் கோபுரங்களையும் அரண்மனைகளையும் பாலங்களையும் பற்றியே எழுதுவர். நிலத்தின் கீழே மறைந்து கிடப்பவற்றைப் பற்றி எழுதுவார் அரியர். ஆண்டு மலரொன்றிலே சாக்கடையைப் பற்றிய கட்டுரையா என்று எம் சங்கத்துப் பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆயினும், வளர்ந்துவரும் நகரமொன்று பெருஞ் செலவு பிடிக்கும் பொதுவேலைகளை எவ்வாறு திட்டமிடுகின்றது, அவற்றுக்கு வேண்டிய பணத்தை யாரிடமிருந்து எப்படிப் பெறுகின்றது என்பனவற்றை அறிய விரும்புவோர்க்கு இலண்டன் மாநகரின் கழிவுநீர்ச் சுருங்கைகளின் கதையைப் போலத் தெளிவான பாடம் வேறில்லை என்பது எமது எண்ணம். சுருங்கை என்னுஞ் சொல் புதியதன்று. நிலத்தின் கீழாக அமைத்த வழியை எம் முன்னோர் அச்சொல்லால் வழங்கினர். சிலப்பதிகாரத்திலே மதுரை மாநகரின் சுருங்கை வீதி பேசப்படுகின்றது. ஆதலின் அச்சொல்லையே இங்கும் ஆள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது இலண்டனின் சனத்தொகை ஏறத்தாழ 10 இலட்சம். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அது 23 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அக்காலத்தில் உலகில் அதனிலும் பெரிய நகரம் இருந்ததில்லை. ஆனால் விந்தை யாதெனில், இலண்டன் என்று ஒரு நகரம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சதுர மைல் அளவேயான பழைய நகரப் பகுதிக்கு மேயரும் சபையும் உண்டு. அதற்குரிய உரிமைகளும் செல்வமும் உண்டு. அதற்கு வெளியே பரந்து கிடந்த பெருநகருக்கோ தலையும் இல்லை, உடலும் இல்லை. கோயிற்பற்றுச் சபைகள், தெருவுக்குக் கல் பாவும் சபைகள், விளக்கேற்றும் சபைகள், சுருங்கை ஆணைக்குழுக்கள் என ஏறத்தாழ 300 அமைப்புகள், 250 வெவ்வேறு சட்டங்களின் கீழ், ஒன்றை ஒன்று பாராது இயங்கிவந்தன. ஒரு சபை தன் தெருவில் அகலமான சுருங்கையைக் கட்டும். அது போய்ச் சேரும் அடுத்த தெருவின் சபை ஒடுங்கிய சுருங்கையைக் கட்டும். நீர் மட்டும் சபைகளின் எல்லையை அறியாது பள்ளத்தை நோக்கி ஓடும்.

பழைய ஏற்பாடு ஒன்று இருக்கவே இருந்தது. வீட்டுக்கு வீடு மலக்குழி உண்டு. இரவிலே வந்து அதனை அள்ளிச் செல்லும் தொழிலாளர் அதனை நகர்ப்புறத்துத் தோட்டக்காரருக்கு எருவாக விற்றனர். சுருங்கைகள் மழைநீருக்காக மட்டுமே அமைந்தவை. மலக்குழியை அவற்றுடன் இணைப்பது 1815 வரையில் சட்டவிரோதம். நகரம் விரிய விரியத் தோட்டங்கள் தூரப்போயின, வண்டிக்கூலி ஏறிற்று. 1840களில் தென் அமெரிக்காவிலிருந்து பறவையெச்ச உரம் மலிவாக இறக்குமதியாகத் தொடங்க, பழைய எருவை வாங்குவாரும் அருகினர். அதே காலத்தில் நீரூற்றிக் கழுவும் புதுவகை மலகூடங்கள் வசதி படைத்தோர் வீடுகளில் பரவின. அவை தூய்மைக்கு உகந்தவைதாம்; ஆயினும் அவற்றின் நீர் மலக்குழிகளை நிரப்பி வழியச் செய்தது. வழிந்தது நிலத்துள் ஊறி அயற்கிணறுகளைச் சேர்ந்தது. கிணறும் மலக்குழியும் ஒரே வளவில் அமைந்த யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே வாழும் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1831ஆம் ஆண்டின் இறுதியில் வாந்திபேதி முதன்முறையாக இங்கிலாந்தில் இறங்கிற்று. 1848, 1849ஆம் ஆண்டுகளில் மீண்டும் வந்தபோது இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேரை மாய்த்தது. துர்நாற்றமே நோயாகும் என்பது அன்றைய வைத்தியரும் அதிகாரிகளும் கொண்டிருந்த உறுதியான நம்பிக்கை. பொதுச் சுகாதாரத்துக்காக ஓயாது உழைத்த எட்வின் சட்விக் என்பாரும் அந்நம்பிக்கையினரே. மலக்குழிகளை ஒழித்துச் சுருங்கைகளைக் கழுவி யாவற்றையும் தேம்ஸ் நதியில் தள்ளிவிட்டால் நாற்றமும் நோயும் ஒருங்கே நீங்கும் என்று அவர் எண்ணினார். அவ்வாறே செய்யப்பட்டது. ஆனால் இலண்டன் மக்களிற் பெரும் பகுதியினர் பருகிய நீரோ அதே தேம்ஸ் நதியிலிருந்து தனியார் கம்பனிகள் இறைத்து விற்ற நீர்! நல்லெண்ணத்தினாலே இத்துணை உயிர்களை இழந்த செயல் சரித்திரத்தில் அதிகம் இராது என்று எமக்குத் தோன்றுகின்றது. நோய் நீர்வழியே பரவுகின்றது என்பதை ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் 1854இல் புறோட் வீதிக் குழாயடி மரணங்களைக் கணக்கிட்டும், இரு நீர்க் கம்பனிகளின் வாடிக்கையாளர் வீடுகளை ஒப்பிட்டும் காட்டினார். 1858இல் அவர் இறக்கும்வரையில் அதனை ஏற்றுக்கொண்டோர் சிலரே.

இனி நாம் சொல்லவந்த பொருளின் மையத்துக்கு வருவோம். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமையினாலா இலண்டன் இவ்வளவு காலம் தாமதித்தது? அன்று. 1848 தொடக்கம் 1855 வரையில் ஆறு சுருங்கை ஆணைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நியமிக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட திட்டங்கள் பொதுமக்களிடமிருந்து வந்து குவிந்தன. ஆணைக்குழுவின் பொறியியலாளராயிருந்த பிராங்க் போஸ்ரர் வேலைப்பளுவினால் உடல் நலிந்து 1852இல் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜோசப் பசல்ஜெற். நதியை நோக்கி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஓடிவரும் பழைய சுருங்கைகளைக் குறுக்கே மறித்து, கிழக்கு நோக்கி ஓடும் பெருஞ் சுருங்கைகளிற் சேர்த்து, நகருக்கு அப்பாற் கொண்டுசென்று விடுவது என்னும் திட்டம் 1850களின் நடுப்பகுதியிலேயே பெரும்பாலும் உருவாகிவிட்டது. பணமும் இங்கிலாந்தில் இல்லாமற் போகவில்லை. உலகமெங்கும் புகையிரதப் பாதை போடுவதற்குக் கடன் கொடுத்த நகரம் அது. இல்லாதது யாதெனில், நகரத்தவர் அனைவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தி, பல ஆண்டுகளுக்கு அவர்களிடம் வரி அறவிட்டு, அவ்வரியை ஈடாகக் காட்டிக் கடன் பெறத்தக்க ஓர் அமைப்பு. திட்டம் கடதாசியிற் கிடந்தது. அதற்குக் கையொப்பமிட ஒரு நகரம் இல்லை.

அக்குறையை ஓரளவு நீக்கியது 1855ஆம் ஆண்டின் மாநகர முகாமைச் சட்டம். அதனைக் கொண்டுவந்தவர் சேர் பெஞ்சமின் ஹோல். வெஸ்ற்மின்ஸ்ரர் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பெருமணி ‘பிக் பென்’ என்னும் பெயரை இவரிடமிருந்தே பெற்றது என்பர். அச்சட்டத்தின்படி 45 உறுப்பினர் கொண்ட மாநகரப் பொதுவேலைச் சபை 1856ஆம் ஆண்டு தொடங்கிற்று. உறுப்பினரைக் குடிமக்கள் நேரே தெரியவில்லை; கோயிற்பற்றுச் சபைகளும் மாவட்டச் சபைகளும் பழைய நகரச் சபையும் தெரிந்தனுப்பின. பசல்ஜெற் அதன் பிரதம பொறியியலாளரானார். ஆனால் ஒரு கையாற் கொடுத்ததை மறுகையால் இழுத்துப் பிடித்தது பாராளுமன்றம். சபையின் பெருந்திட்டத்துக்கு அரசாங்க வேலைப்பகுதியின் ஆணையாளர் அங்கீகாரம் அளித்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆணையாளர் வேறு யாருமல்லர், ஹோலே!

பிணக்கு எழுந்தது சுருங்கையின் வாய் எங்கே அமைதல் வேண்டும் என்பதில். தேம்ஸ் நதியிலே கடலின் வற்றுப்பெருக்கு இலண்டனையும் கடந்து மேலேறும். கழிவை அண்மையில் விட்டால் அடுத்த பெருக்கில் அது திரும்பிவந்து பாராளுமன்ற வாசலைத் தட்டும். பசல்ஜெற் காட்டிய இடம் போதாது, இன்னும் கீழே செல்க என்றார் ஹோல். அவர் நியமித்த மூன்று நடுவர்கள் கடலை நோக்கி வெகுதூரம் செல்லும் வேறொரு திட்டத்தை வரைந்தனர். அதன் செலவு 50 இலட்சம் பவுணுக்கு மேல். சபை சொன்ன மறுமொழி எளியது: அவ்வளவு தூரம் செல்வது தேசத்தின் நன்மைக்காயின் தேசமே அம்மேலதிகச் செலவைக் கொடுக்கட்டும். இலண்டன்காரரின் கழிவுக்கு நாட்டுப்புறத்து உழவன் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்பது மறுபக்கத்து வாதம். இரண்டு வருடங்கள் கடிதங்களிலே கழிந்தன. பிணக்கு வெளிப்பார்வைக்கு நீரோட்டத்தையும் மைல் தூரத்தையும் பற்றியது. உள்ளே பார்த்தால் யார் பணம் என்பதைப் பற்றியது. பொதுவேலைகள் பற்றிய விவாதங்களிற் பெரும்பாலானவை இத்தன்மையனவே.

1858ஆம் ஆண்டு யூன் மாதத்து வெப்பம் அப்பிணக்கைத் தீர்த்துவைத்தது. மழை குன்றி நதி வற்ற, கரையெங்கும் கழிவு படிந்து வெயிலிற் புளித்தது. நதிக்கரையில் அமைந்த புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைக் குளோரைட்டுச் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டனர். பயன் கிட்டவில்லை. கட்டடத்தைவிட்டு வேறிடம் பெயரலாமா என்றுகூட ஆலோசித்தனர். நிதிமந்திரியாகிய டிஸ்ரேலி ஒரு கையிற் கடதாசிக் கட்டும் மறுகையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாகக் குழுவறையை விட்டு வெளியேறினார் எனப் பத்திரிகைகள் எழுதின. ஏழை எளியவர் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது அசையாத சட்டசபை தன் மூக்குக்கு இடர் நேர்ந்ததும் அசைந்தது என்று இதனைப் பலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. மூன்றாண்டுக்கு முன் சபையை அமைத்ததும் அதே பாராளுமன்றமே. எனினும் யூலை 15ஆம் நாள் டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா ஓகஸ்ட் 2ஆம் நாள் சட்டமாயிற்று என்பதைக் காணும்போது ஏளனஞ் செய்வோரை முற்றாகக் குறைகூறவும் எம்மால் இயலவில்லை. பத்து ஆண்டுகளில் நடவாதது 18 நாட்களில் நடந்தது.

அச்சட்டத்தின் உள்ளமைப்பு நுணுகி நோக்கத் தக்கது. ஆணையாளரின் அங்கீகாரம் வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. வேலையைச் செய்வதும் அதற்குப் பொறுப்பேற்பதும் சபையே என்றாயிற்று. 30 இலட்சம் பவுண் வரையிற் கடன் பெறச் சபைக்கு அதிகாரம் கிடைத்தது. அக்கடனுக்கு அரசாங்கத் திறைசேரி பிணை நின்றது. கடனை அடைப்பதற்காக மாநகரத்தில் உள்ள ஆதனங்கள் யாவற்றின்மீதும், ஆண்டு வாடகைப் பெறுமதியில் பவுணுக்கு 3 பென்ஸ் வீதம், 40 ஆண்டுகளுக்கு ஒரு வரி விதிக்கப்பட்டது. எமது நகரசபைகள் சோலைவரி என்று அறவிடுவது ஆங்கிலேயரிடமிருந்து வந்த இம்முறையையே. அன்றைய நாணயத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். ஆகவே ஆண்டுக்கு 20 பவுண் பெறுமதியான வீட்டில் வாழ்பவர் கொடுக்கவேண்டியது 60 பென்ஸ், அதாவது 5 சிலிங்.

இதிலே திறைசேரி கொடுத்தது யாது? ஒரு பென்சும் கொடுக்கவில்லை. பிணை என்பது வாக்கு மாத்திரமே. ஆனால் அவ்வாக்கினால் கடன் கொடுப்போரின் அச்சம் நீங்கிற்று. அச்சம் நீங்கவே வட்டி குறைந்தது. நாற்பது ஆண்டுக் கடனில் வட்டி சிறிது குறைந்தாலும் அது பெருந்தொகையாகும். நாட்டுப்புறத்து உழவனின் முறைப்பாட்டுக்கும் இடமில்லாது போயிற்று. ஊரிலே நல்ல பெயருள்ள ஒரு பெரியவர் சிறு வியாபாரிக்காகச் செட்டியாரிடம் ஒரு வார்த்தை சொல்வதை ஒத்தது இது. பெரியவரின் மடிப்பணம் குறைவதில்லை. வியாபாரியின் காரியம் நிறைவேறுகின்றது.

நாற்பது ஆண்டு என்பதிலும் ஒரு நியாயம் பொதிந்திருக்கின்றது. செங்கற் சுருங்கை நூறாண்டுக்கு மேல் நிற்கும். அதன் முழு விலையையும் 1858இல் வாழ்ந்தவர் தலையிற் சுமத்துவது எவ்வாறு முறையாகும்? அவ்வாண்டிலே பிறந்த குழந்தை 1898இல் நாற்பது வயதினன் ஆவான். நோயற்ற நகரத்தில் வளர்ந்தமைக்கு அவனும் தன் பங்கைச் செலுத்தினான் என்றே கொள்ளல் வேண்டும். பிறவாதவர் தலையில் கடனை ஏற்றுவது அநீதி என்று வாதிடுவோர் உளர். உண்டு கழிப்பதற்காக வாங்கிய கடனாயின் அவ்வாதம் சரியே. பிறக்கப்போகின்றவர் நடக்கவேண்டிய வழிக்காக வாங்கிய கடனை அதனோடு சேர்த்து எண்ணலாகாது.

ஆயினும் இவ்வரியை முழுதும் நீதியானது என்று நாம் சொல்லத் துணியோம். வரியைக் கொடுத்தவர் வீட்டில் குடியிருந்தவர். நிலத்துக்குச் சொந்தக்காரரான பெருநிலப் பிரபுக்கள் அல்லர். ஏழைகள் குடியிருந்த சிறு வீடுகளின் வரியைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் கட்டி, வாடகையிலே சேர்த்து வாங்கிக்கொண்டனர். சுருங்கை வந்தபின் நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலை பிரபுக்களைச் சேர்ந்தது. இதனைச் சரிசெய்ய வேண்டும் என்ற கிளர்ச்சி அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, பயனின்றி அடங்கிற்று.

வேலை 1859இல் தொடங்கிற்று. 82 மைல் நீளமான பிரதான சுருங்கைகள். 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள். அகழ்ந்தெடுத்த மண் 35 இலட்சம் கன யார். செங்கல்லின் விலையும் கொத்தர் கூலியும் உயர்ந்தன. வடக்கே மூன்று மட்டங்களிலும் தெற்கேயும் சுருங்கைகள் மைலுக்கு இரண்டு அடி என்னும் மெல்லிய சரிவில் தாமாகவே ஓடும்படி அமைந்தன. தாழ்ந்த பகுதிகளில் நீராவி எந்திரங்கள் கழிவை மேலேற்றின. அக்காலத்தில் புதிதாயிருந்த போட்லன்ட் சீமெந்தைப் பசல்ஜெற் பெருமளவில் உபயோகித்தார். பக்குவந் தவறினால் அது பயனற்றுப்போகும் என்பதை அறிந்து, வந்திறங்கிய சீமெந்தைப் பரீட்சித்துப் பார்த்தே ஒப்பந்தகாரரிடமிருந்து ஏற்றுக்கொண்டார். பொதுப்பணத்தில் நடக்கும் வேலைகளில் இப்படியொரு கண்டிப்பு இருந்ததென்பதை வாசித்தபோது நாம் சற்றே பெருமூச்சு விட்டோம் என்பதை மறைப்பானேன்? 1865 ஏப்பிரில் 4ஆம் நாள் தென்கரையிலுள்ள குறொஸ்னெஸ் நிலையத்தை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். 30 இலட்சம் பவுண் என்ற முதல் மதிப்புப் போதவில்லை. முடிவான செலவு 40 இலட்சத்தைத் தாண்டிற்று. இந்த ஒரு விடயத்தில் அக்காலமும் எக்காலமும் ஒன்றே.

திறப்புவிழாவுக்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்ததைத்தான் இக்கதையில் மிகவும் துயரமானதென்று நாம் கருதுகிறோம். 1866ஆம் ஆண்டு வாந்திபேதி நான்காம் முறையாக வந்தது. புதிய சுருங்கைகள் பயன்பட்ட பகுதிகளில் அது பரவவில்லை. கிழக்கு இலண்டனிலோ 5,596 பேர் மடிந்தனர். துறைமுகக் கூலிகளும் தையற்காரரும் செறிந்து வாழ்ந்த அப்பகுதிக்கு உரிய தாழ்மட்டச் சுருங்கை அப்போது இயங்கத் தொடங்கவில்லை. அதன் கழிவை மேலேற்றவேண்டிய அபி மில்ஸ் நிலையம் 1868 வரையும் முடிவுறவில்லை. உடனடிக் காரணம், கிழக்கு இலண்டன் நீர்க் கம்பனியின் ஓல்ட் போட் குளத்து வடிகட்டாத நீர் வீடுகளுக்குச் சென்றமையே. எனினும் மூன்று பென்ஸ் வரியை மேற்கிலுள்ளோரைப் போலவே எட்டு ஆண்டுகளாக அவர்களும் செலுத்திவந்தனர். திட்டம் எல்லோருக்கும் பொது. வரியும் எல்லோருக்கும் பொது. வேலை முடியும் ஒழுங்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவாயிருக்கவில்லை. பொறியியல் முறைப்படி அந்த ஒழுங்குக்குக் காரணங் கூறலாம். ஆனால் வரைபடத்தில் கடைசியாக நிறந்தீட்டப்படும் மூலை எப்போதும் யாருடைய மூலையாக இருக்கின்றது என்பதை இளைஞராகிய நாம் கேட்டுப் பழகிக்கொள்ளல் நன்று.

தாழ்மட்டச் சுருங்கையின் மேற்குப் பாகத்தை நெருக்கமான வீதிகளைத் தோண்டாமல் அமைப்பதற்கு ஒரே வழி நதியின் ஓரத்தைத் தூர்த்து நிலமாக்குவது. அவ்வாறு எழுந்ததுதான் 1870இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கரை. நதியிடமிருந்து 37 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, மேலே அகன்ற வீதியும் பூங்காவும், கீழே சுருங்கையும், அதனருகே நிலத்தடிப் புகையிரதமும் ஓரிடத்தில் அமைந்தன. மண்ணை ஒருமுறை அகழும்போது மூன்று காரியங்களை முடித்துக்கொண்டனர்! ஒரு திணைக்களம் செப்பனிட்ட வீதியை மறுமாதம் மற்றொரு திணைக்களம் வெட்டக் கண்டு பழகிய கண்களுக்கு இது வியப்பாகவே தோன்றும்.

இதற்கான பணம் வேறு வழியில் வந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் நகரை மீளக் கட்டுவதற்காக இலண்டனுக்கு வரும் நிலக்கரிக்கு ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. தீயின் வடு மறைந்த பின்னும் தீர்வை மறையவில்லை. தொன்னுக்கு 13 பென்ஸ் ஆக நின்ற அத்தீர்வையின் பெரும்பகுதி, வைன் தீர்வையோடு சேர்த்து, அணைக்கரைக்கும் புதிய வீதிகளுக்குமாக ஒதுக்கப்பட்டது. நிலக்கரியின் விலைக்குள் ஒளிந்திருக்கும் தீர்வையைக் கொடுப்பவன் தான் கொடுப்பதை உணர்வதில்லை. ஆதலால் ஆள்வோர்க்கு அது மிக உவப்பானது. ஆனால் குளிர்காலத்தில் பிரபுவும் நெருப்பு மூட்டவேண்டும், பிச்சைக்காரனும் மூட்டவேண்டும். ஏழையின் வருமானத்திலே நிலக்கரிக்குச் செல்லும் பங்கு பெரிது. மேலும், தீர்வையின் எல்லை சபையின் எல்லையைக் கடந்து வெகுதூரம் விரிந்திருந்தது. எல்லையிலே வீதியோரங்களிலும் கால்வாயோரங்களிலும் நாட்டப்பட்ட கற்களும் இரும்புத் தூண்களும் இருநூறுக்கு மேல் இன்றும் நிற்கின்றன. அணைக்கரைப் பூங்காவை ஒருநாளும் கண்டிராத சிற்றூர்வாசி தன் அடுப்பு நெருப்பால் அதற்கு விலை கொடுத்தான். பின்னர் அரசாங்கம் மீட்ட நிலத்தின் ஒரு பகுதியில் காரியாலயங்கள் கட்ட முற்பட்டபோது, பொதுமக்கள் பணத்தில் எழுந்த நிலம் பொதுமக்களுக்கே என்று கிளர்ச்சி எழுந்து, பூங்கா தப்பிற்று. நிலக்கரித் தீர்வை 1889இல் ஒழிந்தது.

பொதுவேலைச் சபையின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1869இல் அது தன் பெயரிலேயே நூற்றுக்கு 3½ வட்டியில் நிலையான கடன்பத்திரங்களை வெளியிட்டது. பெரியவரின் பிணையோடு கடன் வாங்கியவன் பதினோராண்டில் தன் சொல்லுக்கே மதிப்புப் பெற்றுவிட்டான். ஆனால் சபை உறுப்பினரை மக்கள் நேரே தெரியாமையால் மக்களுக்கு அது அந்நியமாகவே இருந்தது. புதிய வீதிகளின் ஓரத்து மனைகளைக் கைமாற்றியதில் உத்தியோகத்தர் சிலர் கைலஞ்சம் பெற்றமை 1888ஆம் ஆண்டு அரச ஆணைக்குழுவின் முன் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, மக்களால் நேரே தெரியப்பட்ட இலண்டன் கவுண்டி சபை அதன் இடத்துக்கு வந்தது. உலகம் புகழும் வேலையைச் செய்து முடித்த சபை இழிபெயரோடு மறைந்தது. பசல்ஜெற்றின் நேர்மையை மட்டும் எவரும் ஐயுறவில்லை.

இன்னொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சுருங்கையின் வாய் இன்னும் தூரமாயிருத்தல் வேண்டும் என்ற ஹோலின் வாதத்தை மேலே பிணக்கு என்று கூறிச் சென்றோம். 1878 செப்டெம்பர் 3ஆம் நாள் மாலை ‘பிரின்செஸ் அலிஸ்’ என்னும் உல்லாசப் படகு சுருங்கை வாய்களுக்கு அண்மையில் நிலக்கரிக் கப்பலொன்றுடன் மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தனர். அதற்குச் சிறிது நேரத்துக்கு முன்னரே நாளின் கழிவு நதியில் திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவரும் அந்நீரில் தப்பிப் பிழைத்தல் அரிதாயிற்று. நகரம் தன் கழிவைத் தன் மூக்கிலிருந்து அகற்றி அயலார் மூக்கின்கீழ் வைத்திருந்தது என்பதே உண்மை. பின்னர் ஆணைக்குழு ஒன்று ஆராய்ந்தது. 1887 தொடக்கம் கழிவின் மண்டியைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலிற் கொட்டினர். அவ்வழக்கம் 1998 வரையில் நீடித்தது. எனினும் வாந்திபேதி இலண்டனுக்குத் திரும்பவேயில்லை. 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் அந்நோய் 8,000 பேருக்கு மேல் கொன்றபோதும் இலண்டன் தப்பியது.

பசல்ஜெற் தம் சுருங்கைகளை நாளொன்றுக்குக் கால் அங்குல மழையைத் தாங்கும்படி கணக்கிட்டார். அதற்கு மேற்பட்டால் மிகை நீர் நதியில் வழிவதற்கு வாய்கள் வைத்தார். நகரம் அவர் எண்ணியதைவிடப் பன்மடங்கு பெருத்தது. நிலமெங்கும் சீமெந்து மூடிற்று. சிறு மழைக்கும் கழிவு நதியில் வழியத் தொடங்கிற்று. அதனைப் பிடிப்பதற்காக நதியின் கீழே 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுருங்கை ஒன்றை 2016இல் தொடங்கி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் முழுவதும் இணைத்துமுடித்தனர். செலவு 400 கோடி பவுணுக்கு மேல். இம்முறை வேலையைச் செய்தது நகரசபையன்று. அதற்கென அமைந்த தனியார் கம்பனி. ஓய்வூதிய நிதிகளும் பிறரும் அதில் முதலிட்டனர். எதிர்பாராத பேரிழப்பு நேர்ந்தால் கைகொடுப்பதாக அரசாங்கம் வாக்களித்தது; பழைய திறைசேரிப் பிணையின் பேரன் என்று அதனைச் சொல்லலாம். அக்கம்பனிக்கு இட்ட சட்டப்பெயர் பசல்ஜெற் சுருங்கைக் கம்பனி.

பணம் வருவது நீர்க் கட்டணச் சீட்டிலே. தேம்ஸ் நீர்க் கம்பனியின் கழிவுநீர்ச் சேவையைப் பெறும் ஒவ்வொரு வீட்டின் சீட்டிலும் ஒரு சிறு தொகை இதற்காகச் சேர்கின்றது. அக்கம்பனியின் பகுதியோ இலண்டனோடு நிற்பதன்று. மேற்கே ஒக்ஸ்போட்டையும் சுவிண்டனையும் தாண்டிச் செல்கின்றது. இலண்டனின் மழைக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்று அங்குள்ளோர் கேட்கின்றனர். இலண்டனைச் சூழ்ந்த வீதியோரங்களில் பழைய நிலக்கரித் தூண்கள் வெள்ளைச் சாயத்தோடு இன்னும் நிற்கின்றன.